புதிய ஆஸ்துமா சிகிச்சைகள் யாருக்கு? மருந்து, உழைப்பு, சாதி

2024 நவம்பர் இறுதியில் இலண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டனர். ஆஸ்துமாவோ நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ திடீரெனத் தீவிரமடைந்து மூச்சுத் திணறலில் தவிக்கும் நோயாளிகளில், ஈசினோபில் என்னும் வெள்ளை அணுக்கள் மிகுந்திருப்போருக்குப் பென்ராலிசுமாப் என்ற ஊசி மருந்தை ஒரே ஒரு முறை செலுத்திப் பார்த்த ஆய்வு அது. 158 பேர் அதில் பங்கேற்றனர். வழக்கமான ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் பெற்றவர்களில் 74 சதவீதத்தினருக்கு 90 நாட்களுக்குள் சிகிச்சை தோல்வியடைந்தது. புதிய ஊசியைப் பெற்றவர்களிடம் அது 45 சதவீதமாகக் குறைந்தது. ஐம்பது ஆண்டுகளாக மாற்றமின்றிக் கிடந்த ஒரு சிகிச்சைமுறைக்கு முதன்முறையாக மாற்று கிடைத்திருக்கிறது என்று உலக ஊடகங்கள் கொண்டாடின.

கொண்டாட்டத்தில் தவறில்லை. ஆனால் அந்தச் செய்தியை இந்தியாவிலிருந்து வாசிக்கும் நாம், அதன் பக்கத்தில் இன்னொரு கணக்கையும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. உலக நோய்ச் சுமை குறித்த 2019ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 3.4 கோடி பேருக்கு ஆஸ்துமா உள்ளது. இது உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம். ஆனால் ஆஸ்துமாவால் உலகில் நிகழும் மரணங்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவை இந்தியாவில் நிகழ்கின்றன. நோயாளிகளில் எட்டில் ஒரு பங்கைக் கொண்ட நாடு, மரணங்களில் ஐந்தில் இரண்டு பங்கைச் சுமக்கிறது.

இந்த இடைவெளியை இலண்டனில் கண்டறியப்பட்ட ஊசியால் நிரப்ப முடியுமா? முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்த மரணங்களில் பெரும்பகுதியைத் தடுப்பதற்கான மருந்து ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. அது யாரை அடைகிறது, யாரை அடைவதில்லை என்பதைத் தீர்மானிப்பதில் நுரையீரலின் உயிரியலுக்கு இருக்கும் பங்கைவிட உழைப்பு, வாழிடம், சாதி ஆகியவற்றின் பங்கு பெரிது.

ஆராய்ச்சியின் இரு பாதைகள்

ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாய்களின் நாள்பட்ட அழற்சி. தூசு, புகை, மகரந்தம், கரப்பான்பூச்சியின் கழிவு, வேதிப்பொருள், சளிக் காய்ச்சல் என ஏதேனும் ஒன்று தூண்டும்போது அழற்சியுற்ற குழாய்கள் இறுகிச் சுருங்குகின்றன. உள்ளே சளி அடைக்கிறது. மக்கள் வீசிங் என்றும் இளைப்பு என்றும் சொல்வது இந்தச் சுருக்கத்தைத்தான். சுருக்கம் வந்துபோவது, அழற்சி உள்ளேயே தங்கியிருப்பது. சிகிச்சை எதைக் குறிவைக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

கடந்த இருபது ஆண்டுகளில் ஆராய்ச்சி இரண்டு பாதைகளில் சென்றது. முதல் பாதை உயிரியல் மருந்துகளுடையது. ஒவ்வாமைக்குக் காரணமான ஐஜிஇ எதிர்ப்பொருளைத் தடுக்கும் ஒமாலிசுமாப் 2003இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஈசினோபில் அணுக்களைக் குறிவைக்கும் மெபோலிசுமாப் 2015இலும், பென்ராலிசுமாப் 2017இலும் வந்தன. அழற்சியின் தொடக்கப் புள்ளியிலேயே குறுக்கிடும் டெசெபெலுமாப் 2021 இறுதியில் வந்தது. ஆண்டுக்கு இரண்டே முறை போட்டுக்கொள்ளும் டெபெமோகிமாப் ஊசியின் ஆய்வு முடிவுகள் 2024இல் வெளியாயின. தீவிர ஆஸ்துமாவால் ஆண்டு முழுவதும் ஸ்டீராய்டு மாத்திரைகளை விழுங்கி, அதன் விளைவாக நீரிழிவையும் எலும்புச் சிதைவையும் கண்புரையையும் வாங்கிக்கொள்ளும் நோயாளிகளுக்கு இவை உண்மையான விடுதலை. ஆனால் ஓர் ஊசிக்கே பல ஆயிரம் ரூபாய் கேட்கும் மருந்துகள் இவை.

இரண்டாவது பாதைக்கு விளம்பரம் குறைவு. ஆனால் உயிர்களைக் காக்கும் ஆற்றலில் அதுவே பெரியது. அரை நூற்றாண்டாக, லேசான ஆஸ்துமா உள்ளவர்களிடம் நீல நிற சால்பியூட்டமால் இன்ஹேலரைக் கொடுத்து, மூச்சிரைத்தால் மட்டும் இழுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பி வந்தனர் மருத்துவர்கள். அது குழாயை விரிக்கும், அழற்சியைத் தொடாது. நோயாளி நிம்மதியாக இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும்போதே உள்ளே நோய் வளரும். 2019இல், ஆஸ்துமாவுக்கான உலகளாவிய முன்முயற்சி என்னும் ஜினா அமைப்பு தன் வழிகாட்டுதலை அடியோடு மாற்றியது. சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுப்பது பாதுகாப்பானதல்ல என்று அறிவித்தது. அழற்சியைத் தணிக்கும் புடசனைடும் குழாயை விரிக்கும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரைத் தேவைப்படும்போது பயன்படுத்தலாம் என்றது.

இந்த மாற்றத்துக்குச் சான்றுகள் வலுவாக இருந்தன. 2018இல் வெளியான சிக்மா ஆய்வில், சால்பியூட்டமால் வகை மருந்தை மட்டும் பயன்படுத்தியவர்களோடு ஒப்பிடும்போது, கூட்டு இன்ஹேலரைப் பயன்படுத்தியவர்களிடம் கடுமையான தாக்குதல்கள் 64 சதவீதம் குறைந்தன. 2019இல் வெளியான நோவல் ஸ்டார்ட் ஆய்வும் இதே திசையில் முடிந்தது: அங்கே தாக்குதல்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய மூன்றாவது ஆய்வு ஒன்றுண்டு. 2022இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான 'பிரிப்பேர்' ஆய்வு, அமெரிக்காவில் ஆஸ்துமாவால் மிக அதிகமாகப் பாதிக்கப்படும் கறுப்பின மக்களையும் இலத்தீன் அமெரிக்க வம்சாவளியினரையும் மட்டுமே கொண்டு நடத்தப்பட்டது. 1,201 பேர் பங்கேற்றனர். ஆய்வை வடிவமைக்கும் கட்டத்திலேயே அச்சமூகங்களைச் சேர்ந்த நோயாளிகள் ஆலோசகர்களாக அமர்ந்தனர். நிவாரண மருந்தை எடுக்கும்போதெல்லாம் கூடவே அழற்சி தணிப்பானையும் இழுத்துக்கொள்ளும் எளிய முறை, கடுமையான தாக்குதல்களை 15 சதவீதம் குறைத்தது. ஒடுக்கப்பட்ட மக்களைப் பொருட்டாக மதித்து, அவர்களிடம் கேட்டு, அவர்களுடைய வாழ்க்கைக்குப் பொருந்தும்படி ஓர் ஆராய்ச்சியைக் கட்டமைக்க முடியும் என்பதற்கு இது சான்று. தலித் மக்களை மையமாக வைத்து இத்தகைய ஓர் ஆய்வு இந்தியாவில் ஏன் எழவில்லை என்ற கேள்வியை நம் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் தங்கள் துறைகளில் எழுப்ப வேண்டும்.

இருக்கும் மருந்து ஏன் எட்டவில்லை?

புடசனைட், ஃபார்மோட்டெரால் கூட்டு இன்ஹேலர் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. இந்திய அரசின் 2022ஆம் ஆண்டுத் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் உள்ளது. விலை சில நூறு ரூபாய். ஆயினும் உலகளாவிய ஆஸ்துமா வலையமைப்பு இந்தியாவின் ஒன்பது மையங்களில் 1,27,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு காட்டியது என்ன? மூச்சிரைப்பு அறிகுறிகள் உள்ளவர்களில் 82 சதவீதத்தினருக்கு ஆஸ்துமா என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. கடுமையான அறிகுறிகள் உள்ளவர்களிலும் 70 சதவீதத்தினர் கண்டறியப்படாதவர்கள். அறிகுறி உள்ளவர்களில் அழற்சி தணிக்கும் இன்ஹேலரை நாள்தோறும் பயன்படுத்துவோர் 2.5 சதவீதத்துக்கும் குறைவு.

இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் காட்சியை நம் ஊர்களில் பணியாற்றும் எவரும் அறிவர். இரவில் மூச்சுத் திணறினால் பக்கத்துக் கிளினிக்கில் ஓர் ஊசி. அரசு மருத்துவமனையில் சேர்ந்தால் 'கேஸ் வைத்து' அனுப்புவது. மறுநாள் அதே குப்பைவண்டி, அதே தோல் ஆலை, அதே செங்கல் சூளை. நோய்க்குப் பெயர் வைக்கப்படுவதில்லை. பெயர் இல்லாத நோய்க்கு மருந்துச் சீட்டும் இல்லை. தொடர்ச்சியான சிகிச்சையும் இல்லை. நீதிமன்றத்தில் காட்டுவதற்கு ஆவணமும் இல்லை.

ஏழ்மை மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. 2022இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளியான ஆய்வு, இந்தியாவின் ஒன்பது மாநிலங்களின் தரவுகளைப் பகுத்தாய்ந்தது. உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் சராசரி ஆயுள் 3 ஆண்டுகளுக்கும் மேல் குறைவு. ஆதிவாசிகளின் ஆயுள் 4 ஆண்டுகளுக்கும் மேல் குறைவு. பொருளாதார நிலை இந்த வேறுபாட்டில் பாதிக்கும் குறைவான பங்கையே விளக்குகிறது. எஞ்சியதை விளக்கச் சாதியின் பக்கம்தான் திரும்பியாக வேண்டும்.

ஆஸ்துமாவைக் கண்டறிவது பெரும்பாலும் உரையாடலாலும் தொடுதலாலும் நடப்பது. எப்போது இரைக்கிறது, இரவிலா, வேலையிடத்திலா, விடுமுறை நாளில் குறைகிறதா என்று பொறுமையாகக் கேட்க வேண்டும். நெஞ்சிலும் முதுகிலும் கருவியை வைத்துக் கேட்க வேண்டும். இன்ஹேலரை வாயில் பொருத்தி இழுக்கும் முறையைப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும். தமிழ்நாடு உள்ளிட்ட 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் ஆய்வு நடத்தி 2006இல் வெளியான 'கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை' நூல், மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் நுழைய மறுத்ததைப் பதிவு செய்தது. வீட்டுக்குள் வராத மருத்துவம் அடுப்புப் புகையைப் பார்க்காது. சுவரின் ஈரப் பூஞ்சையைப் பார்க்காது. நுழைவாயிலில் நின்று மாத்திரை கொடுத்துவிட்டுத் திரும்பும்.

உழைப்பிடமே நோயிடம்

சாதி உழைப்பாளர்களையே பிரித்து அடுக்கி வைத்திருக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் சுட்டிக்காட்டினார். அந்த அடுக்கின் அடியில் இருப்பவர் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார் என்பதும் அதோடு சேர்ந்தே முடிவாகிவிடுகிறது. குப்பையைக் கையால் பிரிப்பவர், பிளீச்சிங் பவுடர் தூவுபவர், தோல் ஆலையில் குரோமிய உப்பைக் கையாள்பவர், பஞ்சாலையில் தூசுக்குள் இரவுப்பணி செய்யும் இளம்பெண், சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுபவர் என்று பட்டியலிட்டுப் பாருங்கள். இவர்களில் பெருந்தொகையினர் தலித்துகளும் பிற ஒடுக்கப்பட்ட சமூகத்தினரும் ஆவர். குரோமிய உப்புகள் ஆஸ்துமாவைத் தோற்றுவிக்கும் ஒவ்வாமைப் பொருள்களாக மருத்துவ நூல்களில் இடம்பெற்றவை. சீமைக் கருவேலத்தின் மகரந்தம் இந்தியாவின் முக்கிய ஒவ்வாமைக் காரணிகளில் ஒன்று. துப்புரவுப் பணி செய்வோருக்குப் புதிதாக ஆஸ்துமா உண்டாகும் அபாயம் மிகுதி என்பதை ஐரோப்பிய நாடுகளின் பெரிய ஆய்வு ஒன்று 2007இலேயே லான்செட் இதழில் உறுதிசெய்தது.

சட்டம் இதை அறியாததல்ல. 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, பகுதி 'பி'யில் தொழில்சார் ஆஸ்துமா வெளிப்படையாக இடம்பெற்றிருந்தது. பணியின் இயல்பிலேயே அமைந்த, ஒவ்வாமை உண்டாக்குவதாக அறியப்பட்ட பொருள்களால் வரும் ஆஸ்துமா, பணியிட விபத்தால் நேர்ந்த காயத்துக்குச் சமமாகக் கருதப்படும். அதைவிட முக்கியமானது, பிரிவு 3(2) நிறுவிய அனுமானம்: மாறாக நிரூபிக்கப்படாதவரை, அந்நோய் பணியினால் வந்ததாகவே கொள்ளப்படும். நிரூபிக்கும் சுமை முதலாளியின் தோளில் ஏற்றப்பட்டிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொழில்சார் நோய்களின் அட்டவணை தொடர்கிறது.

பிறகு ஏன் இத்தகைய வழக்குகள் அரிதாக உள்ளன? ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதம் பணியாற்றியிருக்க வேண்டும் என்பது பகுதி 'பி' நோய்களுக்கான நிபந்தனை. வேறொரு முதலாளியிடம் அதே வகை வேலையைச் செய்த காலம் கணக்கில் சேராது. தூய்மைப் பணி ஒப்பந்ததாரர்களிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்ட நகரங்களில், பெயர்ப்பலகை மாறும், தொழிலாளி மாறமாட்டார். பதினைந்து ஆண்டுகள் அதே தெருவைப் பெருக்கியவரும் ஒப்பந்தக் காகிதத்தில் ஐந்து மாதப் புதியவராகத் தோன்றுவார். ஊதியச் சீட்டு இல்லை. பணி நியமன ஆணை இல்லை. நோயைப் பெயரிட்டு எழுதிய மருத்துவச் சான்று இல்லை. இந்த மூன்று இன்மைகளும் சேரும்போது, சட்டம் தரும் அனுமானம் வெறும் எழுத்தாகிவிடுகிறது. மருத்துவ ஆவணமும் சட்டப் பாதுகாப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை ஆஸ்துமாவைப்போல் தெளிவாகக் காட்டும் நோய் குறைவு.

அளவுகோலிலும் அரசியல்

நுரையீரலின் திறனை அளப்பது ஸ்பைரோமீட்டர் என்னும் கருவி. ஊதிய காற்றின் அளவை அது காட்டும். அந்த அளவு இயல்பானதா, குறைவானதா என்பதைக் கருவிக்குள் பதிந்துள்ள ஒப்பீட்டுக் கணக்கு சொல்லும். அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக அந்தக் கணக்கு, கறுப்பினத்தவருக்கு இயல்பான அளவே 10 முதல் 15 சதவீதம் குறைவு என்று எடுத்துக்கொண்டது. இதன் வேர் அடிமை முறையில் இருக்கிறது. 1850களில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அடிமை உடைமையாளரான மருத்துவர், கறுப்பின மக்களின் நுரையீரல் பிறப்பிலேயே குறைபட்டது, உழைப்பே அதற்கு மருந்து என்று வாதிடுவதற்கு இக்கருவியைப் பயன்படுத்தினார். 1999இல் பால்டிமோர் நகரில் அஸ்பெஸ்டாஸ் இழப்பீடு கேட்ட தொழிலாளர்களுக்கு எதிராக, கறுப்பினத்தவர் நுரையீரல் பாதிப்பை நிரூபிக்கக் கடுமையான அளவுகோல் வேண்டும் என்று ஒரு நிறுவனம் இதே திருத்தத்தைக் காட்டி நீதிமன்றம் சென்றது.

2023இல் அமெரிக்க மார்பு நோயியல் சங்கம் இனத் திருத்தத்தைக் கைவிடப் பரிந்துரைத்தது. பழைய கணக்கை நீக்கினால் கறுப்பின முன்னாள் படைவீரர்களுக்கு ஊனமுற்றோர் இழப்பீடு ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கும் மேல் உயரும் என்று 2024இல் ஓர் ஆய்வு கணித்தது. அவ்வளவு பணமும் ஒரு மென்பொருளின் அனுமானத்துக்குள் அடங்கியிருந்தது.

நமக்கு இதில் பாடம் உண்டு. குழந்தைப் பருவத்தின் ஊட்டச்சத்துக் குறைவும் அடுப்புப் புகையும் தூசும் நுரையீரலின் வளர்ச்சியைச் சிறுவயதிலேயே குறைக்கின்றன. அப்படிக் குறைந்த நுரையீரல்களையே அளந்து அதற்கு இயல்பு என்று பெயர் வைத்தால், தோல் ஆலையில் இருபது ஆண்டுகள் உழைத்தவரின் சிதைந்த மூச்சும் இயல்பாகவே பதிவாகும். பாதிப்பு கணக்கிலிருந்தே மறைந்துபோகும். இழப்பீட்டு வழக்கில் ஸ்பைரோமீட்டர் அறிக்கை தாக்கலாகும்போது, எந்த ஒப்பீட்டுக் கணக்கில் அளந்தீர்கள் என்று மருத்துவச் சாட்சியை நம் இளம் வழக்கறிஞர்கள் குறுக்கு விசாரணையில் கேட்கப் பழக வேண்டும்.

மருந்தால் மட்டும் ஆகாது

விலை உயர்ந்த மருந்துகளை ஏழை மக்களுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டால் போதுமா? அமெரிக்க ஆராய்ச்சியே இதற்கு விடை தருகிறது. நகர்ப்புற ஏழைக் குடியிருப்புகளில் வாழும், பெரும்பாலும் கறுப்பின, ஹிஸ்பானியக் குழந்தைகளுக்கு மெபோலிசுமாப் ஊசியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022இல் லான்செட்டில் வெளியானது. தாக்குதல்கள் 27 சதவீதம் குறைந்தன. எதிர்பார்த்ததைவிட இது குறைவு. ஈசினோபில் பாதையை அடைத்த பிறகும் வேறு அழற்சிப் பாதைகள் திறந்தே இருந்தன. 2023இல் வெளியான மற்றொரு ஆய்வு, இத்தகைய குழந்தைகளுக்கு வைரஸ் தொற்று இல்லாமலேயே வரும் தாக்குதல்களுக்கும் காற்று மாசுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது.

மறுபுறம், 2004இல் ஏழு அமெரிக்க நகரங்களில் 937 குழந்தைகளின் வீடுகளுக்குச் சென்று கரப்பான்பூச்சி, தூசு, புகை ஆகியவற்றைக் குறைக்க உதவிய திட்டம், மருந்தை மாற்றாமலேயே நோய் அறிகுறிகள் தோன்றும் நாட்களைக் குறைத்தது. நல்ல வீடும் ஒரு சிகிச்சைதான் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். சென்னையின் நீர்நிலைக் கரைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு, கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குவிக்கப்பட்ட குடும்பங்களின் வீட்டுப் பரப்பையும் காற்றோட்டத்தையும் இந்தக் கண்ணோட்டத்தில் நாம் மறுபடி பார்க்க வேண்டும். கொடுங்கையூர், பெருங்குடி, வெள்ளலூர்க் குப்பைமேடுகளின் அருகில் யார் குடியமர்த்தப்பட்டனர் என்றும் கேட்க வேண்டும். 2022 ஏப்ரலில் பெருங்குடியும் 2024 ஏப்ரலில் வெள்ளலூரும் தீப்பற்றி எரிந்து, அந்தப் புகை குடியிருப்புகளுக்குள் பரவியது.

புகைக்கும் மரணத்துக்கும் உள்ள தொடர்பை நீதிமன்றம் ஏற்க முடியுமா என்பதற்கு இலண்டனில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுக் கறுப்பினச் சிறுமி, போக்குவரத்து நெரிசல் மிகுந்த தென்கிழக்கு இலண்டன் சாலை ஒன்றின் அருகில் வாழ்ந்தாள். மூன்றாண்டுகளுக்குள் ஏறத்தாழ 30 முறை மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டு, 2013 பிப்ரவரியில் ஆஸ்துமாவால் இறந்தாள். 2014இல் நடந்த முதல் மரண விசாரணை காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தாய் ரோசமண்ட் விடவில்லை. உயர் நீதிமன்றம் 2019இல் பழைய தீர்ப்பை நீக்கியது. 2020 டிசம்பர் 16 அன்று, அச்சிறுமியின் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று மரண விசாரணை அதிகாரி அறிவித்தார். மருத்துவப் பதிவுகளும், வீட்டுக்கு அருகிலிருந்த கண்காணிப்பு நிலையத்தின் காற்றுத் தரவும், ஒரு தாயின் பிடிவாதமும் சேர்ந்து அந்தத் தீர்ப்பைப் பெற்றுத் தந்தன.

நம் உச்ச நீதிமன்றத்திடமும் கொள்கைகளுக்குப் பஞ்சமில்லை. மாசற்ற காற்றும் நீரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 1991இல் சுபாஷ்குமார் வழக்கு சொன்னது. தொழிலாளியின் உடல்நலம் அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பில் அடங்கும் என்று 1995இல் அஸ்பெஸ்டாஸ் வழக்கில் சொன்ன நீதிமன்றம், தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளைப் பணியில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுபெற்றபின் 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை பேண வேண்டும் என்றும் ஆணையிட்டது. 1996இன் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கு, மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டியது. ஆனால் அந்த வழக்கின் பார்வை பாலாற்றின் நீர் மீதும் நிலத்தின் மீதும் பதிந்திருந்தது. ஆலைக்குள் நின்று அந்தக் காற்றை இழுத்தவரின் நுரையீரலுக்கு ஈடு கேட்பது இன்னும் பாக்கி இருக்கிறது.

சோதனைக்கு நாம், பயனுக்கு யார்?

புதிய மருந்துகள் நமக்குத் தேவையில்லை என்று இதற்குப் பொருளல்ல. தீவிர ஆஸ்துமா தலித் உடலிலும் வரும். அங்கே இன்ஹேலர் போதாது. ஒமாலிசுமாபின் நிகர் உயிரியல் மருந்து 2024இல் ஐரோப்பாவிலும் 2025இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றுவிட்டது. மற்றவற்றின் விலை எட்டாத உயரத்தில் இருந்தால், காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு கட்டாய உரிமம் கேட்க வழி தருகிறது. 2012இல் அப்பிரிவின்கீழ் உரிமம் வழங்கப்பட்டபோது, மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாய்க்கு விற்ற ஒரு புற்றுநோய் மருந்து 8,900 ரூபாய்க்கும் குறைவாகக் கிடைத்தது. அந்தக் கதவு அதன்பின் திறக்கப்படவே இல்லை என்பது அரசியல் துணிவின் குறை, சட்டத்தின் குறையன்று.

இன்னொரு பக்கமும் உண்டு. போபால் விஷவாயுவால் நுரையீரல் சிதைந்தவர்களுக்கென்றே கட்டப்பட்ட மருத்துவமனையில், அவர்கள் மீதே மருந்துச் சோதனைகள் நடத்தப்பட்டன. கம்மத்தில் பழங்குடிச் சிறுமிகளிடம் நடந்த தடுப்பூசி ஆய்வில் ஒப்புதல் பெறப்பட்ட முறையை 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகச் சாடியது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகளின் 27ஆம் விதி, சோதனை முடிந்த பிறகும் வேறு மாற்று இல்லாத பங்கேற்பாளருக்கு, ஆய்வு மருத்துவரின் பரிந்துரையும் அறநெறிக் குழுவின் ஒப்புதலும் இருந்தால், மருந்தை இலவசமாகத் தொடர வழி செய்கிறது. நம் மக்கள் ஆய்வுகளில் பங்கேற்க வேண்டும். அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு பங்கேற்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் கூட்டு இன்ஹேலர் தடையின்றிக் கிடைக்க வேண்டும். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துக் கொள்முதலில் நாட்டுக்கே முன்மாதிரி. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நீரிழிவு, உயர் இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுசென்றது. அதே பையில் இன்ஹேலரும் செல்ல வேண்டும். கொண்டுசெல்பவர் சேரிக்குள் நுழைந்து, இழுக்கும் முறையைக் கற்றுத்தர வேண்டும்.

இரண்டாவதாக, ஒப்பந்தம் யாருடையதாக இருந்தாலும், தூய்மைப் பணியாளர்கள் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை நடத்தி, அறிக்கையின் நகலைத் தொழிலாளியின் கையில் கொடுக்க வேண்டும். ஒப்பந்ததாரர் மாறினாலும் பணிக்காலம் தொடர்ச்சியாகக் கணக்கிடப்பட வேண்டும்.

மூன்றாவதாக, ஆஸ்துமா தொடர்பான அரசு ஆய்வுகளும் மரணப் பதிவுகளும் சாதி, தொழில் ஆகிய விவரங்களைச் சேர்க்க வேண்டும். எண்ணப்படாத மரணத்துக்கு எவரும் பொறுப்பேற்கப் போவதில்லை.

இவற்றுக்காக அரசை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. கல்லூரி மாணவர் ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்கீழ், தம் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு மனு எழுதலாம். கடந்த 12 மாதங்களில் எத்தனை புடசனைட், ஃபார்மோட்டெரால் இன்ஹேலர்கள் வந்தன, எத்தனை வழங்கப்பட்டன, எத்தனை நாட்கள் இருப்பு இல்லாமல் இருந்தது, எத்தனை பேருக்கு ஆஸ்துமா எனப் பதியப்பட்டது என்ற நான்கு கேள்விகள் போதும். 30 நாட்களுக்குள் பதில் வந்தாக வேண்டும். மாவட்டத்துக்குப் பத்து மாணவர்கள் இதைச் செய்தால், தமிழ்நாட்டின் மூச்சுக் கணக்கு முதன்முறையாக மக்கள் கையில் இருக்கும். பொதுநல மனுவுக்கான அடித்தளமும் அதுவே.

வேலை செய்யும் நாட்களில் இரைப்பு கூடி, விடுப்பில் குறைகிறது என்று ஒரு தொழிலாளி சொன்னால், அதை மருத்துவரிடம் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்கச் செய்யுங்கள். தொழில்சார் ஆஸ்துமாவுக்கான முதல் அடையாளமும், அவருடைய வழக்கின் முதல் ஆவணமும் அந்த ஒரு வரிதான்.